இன்சுலின் ஊசியும் அம்மாவின் கேள்வியும்

டிஸ்கி முதல்லயே: நான் டாக்டர் இல்லைங்க. பி.காம். படிச்சுட்டு இருபது வருஷத்துக்கு மேலா பேங்க்ல குப்பை கொட்டற ஆசாமி. மருந்து விஷயத்துல உங்க டாக்டர் சொல்றதுதான் கடைசி வார்த்தை. எங்க வீட்டுல நடந்த ஒரு வாக்குவாதத்தையும், அதுக்காக நான் தேடிப் படிச்சதையும் மட்டும் இங்கே எழுதறேன்.

நம்மாளுங்க ரெண்டு பேர் சந்திச்சா "சௌக்கியமா?"வுக்கு அடுத்த கேள்வி "சுகர் எவ்வளவு?"தான். அகமதாபாத் மணிநகர்ல கோயில் வாசல்ல அஞ்சு நிமிஷம் நின்னா போதும், காதுல விழும். 2023-ல வெளிவந்த ஐ.சி.எம்.ஆர். ஆய்வுப்படி இந்தியாவுல 10 கோடிப் பேருக்கு மேல சர்க்கரை நோய். தமிழ்நாட்டுல பெரியவங்கள்ல நூத்துக்கு 14 பேருக்கு மேல. பருப்புலயே வெல்லம் போடற ஊர்ல இருந்துகிட்டு இதை எழுதறேன், ஆனா குஜராத்திகளைக் குத்தம் சொல்ல நமக்கு வாயில்லை :-)

கண், கிட்னி, கால் புண், ஹார்ட்... சுகர்னால வர்ற எல்லாத்தையும் பேசறோம். கேன்சரை மட்டும் பேசறதில்லை. எங்க வீட்டுல பேச வெச்சது அம்மா.

அம்மாவுக்கு 71 வயசு. சுகர் வந்து 18 வருஷம். போன வருஷக் கடைசில ஹெச்பிஏ1சி 9.4. (தவணை 90 நாள் வரலைன்னா எங்க பாஷையில வாராக்கடன். ஹெச்பிஏ1சி-யும் ஏறக்குறைய அதே மூணு மாசக் கணக்குதான்.) மூணு வகை மாத்திரை போட்டும் இறங்கலைன்னதும், ராத்திரி ஒரு வேளை இன்சுலின் போட்டுக்கச் சொன்னார் டாக்டர். அங்கே தலையாட்டின அம்மா வீட்டுக்கு வந்ததும் ஒரே பிடிவாதம்.

"நான் போட்டுக்க மாட்டேன்டா. உங்க அத்தைக்கு ஊசி போட ஆரம்பிச்சப்புறம்தானே கேன்சர் வந்துச்சு?"

வாட்ஸ்அப்ல வந்த வதந்தின்னா சிரிச்சுட்டுப் போயிருக்கலாம். இது அம்மா கண்ணால பார்த்தது. மன்னார்குடி அத்தைக்கு 20 வருஷம் சுகர், அதுல கடைசி 5 வருஷம் இன்சுலின். 2014-ல கர்ப்பப்பையின் உள்சுவர்ல கேன்சர்னு தெரிஞ்சது. ஒரு வருஷம்கூட இருக்கலை. மாதவிலக்கு நின்னு பல வருஷம் கழிச்சு உதிரம் பட்டிருக்கு. எட்டு மாசம் யார்கிட்டயும் சொல்லலை, "சுகர்னால இருக்கும்"னு தனக்குத் தானே சொல்லிக்கிட்டாங்க. வீட்டுலயும் அவங்ககிட்ட எல்லாரும் கேட்டது சுகர் நம்பரை மட்டும்தான்.

அம்மா நாப்பது வருஷமா வரவு செலவு நோட்டு எழுதறவங்க. அதனால கணக்கு பாஷையிலயே சொல்லிப் பார்த்தேன்.

நம்ம செல் ஒவ்வொண்ணுக்குள்ளயும் மைட்டோகாண்ட்ரியான்னு குட்டிக் குட்டி அடுப்புங்க இருக்கு. சர்க்கரையில இருந்து சக்தி எடுக்கறதுல பெரும்பங்கு அங்கேதான் நடக்குது. எந்த அடுப்பும் கொஞ்சம் புகையும் இல்லையா? இங்கே புகைங்கறது சூப்பராக்சைடு மாதிரி, ஆக்சிஜன்ல இருந்து உருவாகற முரட்டு மூலக்கூறுங்க. ரத்தத்துல சர்க்கரை ஏறியே இருந்தா, சில வகை செல்லுங்களால கதவைச் சாத்திக்க முடியாது. உள்ளே விறகு குவியுது, புகை கூடுது. கண், கிட்னி, நரம்பு மூணும் கெடறதுக்கு இந்தப் புகைதான் பொதுவான ஆரம்பம்னு 2001-ல நேச்சர் இதழ்ல எழுதினார் மைக்கேல் பிரௌன்லீங்கற அமெரிக்க டாக்டர். புகையை அடக்கவும் உடம்புல ஆளுங்க உண்டு. அவங்க கையை மீறிப் போனா அதுக்குப் பேர் ஆக்சிடேட்டிவ் ஸ்ட்ரெஸ். (மேனேஜர் திட்டினா வர்ற ஸ்ட்ரெஸ் வேற.)

இந்தப் புகை டி.என்.ஏ.வையும் தொடும். டி.என்.ஏ. ஒரு பேரேடு மாதிரி. நாலே எழுத்து: ஏ, டி, ஜி, சி. ஜி-க்கு எதிர்ல சி, ஏ-க்கு எதிர்ல டி. டெபிட்டுக்கு கிரெடிட் மாதிரி ஜோடி. புகையில சுலபமா அடிபடறது ஜி. அதுல ஒரு ஆக்சிஜன் ஒட்டிக்கிட்டா, செல் நகல் எடுக்கறப்ப சி-யை விட்டுட்டு ஏ-வோட ஜோடி சேர்ந்துட வாய்ப்பிருக்கு. அதுக்கு அடுத்த நகல்ல, ஜி இருந்த இடத்துல டி உட்கார்ந்திருக்கும். இதுல பயங்கரம் என்னன்னா, என்ட்ரி தப்பு, ஆனா கணக்கு டாலி ஆயிடும்! அப்புறம் எந்த ஆடிட்டர் வந்தாலும் கண்டுபிடிக்கறது கஷ்டம்.

அதுக்கு முன்னாடியே கண்டுபிடிச்சு, கெட்ட எழுத்தை வெட்டிட்டு நல்லதை வைக்கற நொதிங்க உடம்புல இருக்கு. டி.என்.ஏ. ரிப்பேர் நடக்கற விதத்தைக் கண்டுபிடிச்சதுக்காகத்தான் 2015-ல தாமஸ் லிண்டால், பால் மாட்ரிச், அசீஸ் சன்ஜார் மூணு பேருக்கும் வேதியியல் நோபல் கிடைச்சது. வெட்டி எடுத்த கழிவு சிறுநீர்ல வெளியே போகும். சர்க்கரை நோயாளிங்ககிட்ட அது அதிகமா இருக்கறதைப் பல ஆய்வுங்க அளந்து காட்டியிருக்கு. தப்பான என்ட்ரி தங்கிப் போனாலும் பெரும்பாலும் ஒண்ணும் ஆகாது. செல் வளர்ச்சிக்கு பிரேக் போடற பக்கத்துல விழுந்தாத்தான் சிக்கல்.

அதோட இன்னொண்ணும் சேருது. டைப் 2-ல முதல்ல இன்சுலின் குறையறதில்லை. உடம்பு அதுக்குக் கட்டுப்பட மாட்டேங்குது, அதனால கணையம் வருஷக்கணக்கா அதிகமா சுரந்து தள்ளுது. இன்சுலினுக்கு செல்லை வளரச் சொல்ற குணமும் உண்டு. உடம்புல கொழுப்பு கூடினா ஈஸ்ட்ரோஜன் வேற கூடும், அது கர்ப்பப்பை உள்சுவரை வளரச் சொல்லும். ஆக ஒரு பக்கம் என்ட்ரி தப்பு, இன்னொரு பக்கம் சீக்கிரம் நகல் எடுன்னு அவசரம்.

இது எவ்வளவு தூரம் போகுது? அமெரிக்க டயாபடிஸ் சங்கமும் அமெரிக்க கேன்சர் சங்கமும் சேர்ந்து 2010-ல ஒரு அறிக்கை வெளியிட்டாங்க. கல்லீரல், கணையம், கர்ப்பப்பை உள்சுவர் கேன்சர் சர்க்கரை நோயாளிங்களுக்கு ஏறக்குறைய ரெண்டு மடங்கு. பெருங்குடல், மார்பகம், சிறுநீர்ப்பைக்கு 1.2-லேர்ந்து 1.5 மடங்கு. பயப்படாதீங்க, சின்ன நம்பரோட ரெண்டு மடங்கும் சின்ன நம்பர்தான். சுகர் இருக்கற பெரும்பாலானவங்களுக்கு இந்தக் கேன்சருங்க வர்றதில்லை. அதே அறிக்கை இன்னொண்ணும் சொல்லுது: உடல் எடை, வயசு, உடம்பு அசையாத வாழ்க்கை, இதெல்லாம் ரெண்டு நோய்க்கும் பொதுவான காரணங்க. எது எவ்வளவுன்னு பிரிச்சு எழுத முடியலை.

எல்லாத்தையும் கேட்டுட்டு அம்மா ஒரே ஒரு கேள்வி கேட்டாங்க.

"அப்ப ஊசில போடறதும் அதே இன்சுலின்தானே?"

நாப்பது வருஷ நோட்டு சும்மாவா!

நல்லவேளையா இந்தக் கேள்விக்கு நேரடியான பதில் இருக்கு. 2009-ல இதே பயம் உலகம் பூரா கிளம்புச்சு. 2012-ல ஆரிஜின்னு ஒரு பெரிய ஆய்வோட முடிவு வந்தது. 12,537 பேர், பாதிப் பேருக்கு கிளார்ஜின் இன்சுலின், மீதிப் பேருக்கு வழக்கமான சிகிச்சை. ஆறு வருஷத்துக்கு மேல பார்த்தாங்க. கேன்சர் ரெண்டு பக்கமும் ஒரே அளவு. அம்மாவுக்கு எழுதிக் கொடுத்ததும் கிளார்ஜின்தான்.

மறு பக்கத்தையும் சொல்லணும். சுகரை நல்லா இறக்கினா கேன்சர் குறையும்னும் இதுவரை பெரிய ஆய்வுங்க நிரூபிக்கலை. ஆனா கண்ணும் கிட்னியும் தப்பிக்கும். 1998-ல வந்த பிரிட்டன் ஆய்வுல, சுகரைக் கறாரா வெச்சிருந்தவங்களுக்கு சின்ன ரத்தக் குழாய் பாதிப்பு 25 சதவீதம் குறைஞ்சது. "கேன்சருக்கு பயந்து கண்ணை விட்டுடாதேம்மா"ன்னேன். பதில் இல்லை.

ரெண்டு நாள் கழிச்சு அம்மா பேசினது என்கிட்ட இல்லை, என் மனைவிகிட்ட. அத்தைக்குப் பட்ட மாதிரி தனக்கும் ரெண்டு தடவை பட்டுச்சாம். நாலு மாசமாச்சாம். அப்பத்தான் புரிஞ்சது, அம்மா சண்டை போட்டது ஊசியோட இல்லைன்னு.

மறுநாளே லீவு போட்டுட்டு கூட்டிக்கிட்டுப் போனோம். ஸ்கேன், அப்புறம் சதைப் பரிசோதனை. ரிசல்ட் வர எட்டு நாள். அந்த எட்டு நாள் நான் பேங்க்ல என்ன பாஸ் பண்ணினேன்னு கேட்டா எனக்கே தெரியாது. கடைசில சாதாரண பாலிப், கேன்சர் இல்லை. எடுத்துட்டாங்க. அந்த வாரத்துல இருந்தே ஊசியும் ஆரம்பம். மூணு மாசம் கழிச்சு 7.8.

சொந்த பந்தத்தை விட்டுத் தூரமா இருக்கோம். ஊர்ல பெரியவங்ககிட்ட போன்ல பேசறப்ப நாமளும் நம்பரை மட்டும் கேட்டுட்டு வெக்கறோம். தயவு செஞ்சு இதையும் கேளுங்க.

மாதவிலக்கு நின்னப்புறம் ஒரு சொட்டு பட்டாலும் டாக்டர். மலத்துலயோ சிறுநீர்லயோ ரத்தம் தெரிஞ்சாலும் அப்படியே. வயசான காலத்துல திடீர்னு சுகர் வந்து, எடையும் காரணமில்லாம குறைஞ்சா கணையத்தைப் பத்தி டாக்டர்கிட்ட கேட்கணும். மார்பகம், கர்ப்பப்பை வாய் பரிசோதனையைத் தள்ளிப் போடக் கூடாது. இதைக் கேட்க மகனுக்கு வாய் வரலைன்னா மருமகளோ மகளோ கேட்கட்டும்.

அப்புறம் கோயில் பிரசாத வரிசையிலயே பிடிச்சு "ஆன்டி-ஆக்சிடன்ட் கேப்சூல், கேன்சரே வராது"ன்னு விக்கறாங்களே, அதுக்குப் பர்ஸைத் திறக்காதீங்க. புகையை அடக்கற மாத்திரைன்னா நல்லதுதானேன்னு தோணும். பின்லாந்துல 29,000-க்கு மேல சிகரெட் பிடிக்கற ஆண்களை வெச்சு நடத்தி 1994-ல வெளிவந்த ஆய்வுல, பீட்டா கரோட்டின் மாத்திரை சாப்பிட்டவங்களுக்கு நுரையீரல் கேன்சர் 18 சதவீதம் கூடிச்சு. 2011-ல இன்னொரு ஆய்வுல, வைட்டமின் ஈ சாப்பிட்ட ஆண்களுக்கு பிராஸ்டேட் கேன்சர் 17 சதவீதம் கூடிச்சு. கீரை, காய், பழம் தட்டுல இருந்தா போதும்.

என் ஹெச்பிஏ1சி 6.1. எல்லைக்கோட்டுல நிக்கறேன். சென்னையில டாக்டர் ராமச்சந்திரன் குழு என்னை மாதிரி ஆளுங்களை வெச்சு நடத்தின ஆய்வு 2006-ல வந்தது. நடையும் சாப்பாட்டுக் கட்டுப்பாடுமா இருந்தவங்கள்ல, மூணு வருஷத்துல சுகர் வந்தது 39 சதவீதம் பேருக்கு. ஒண்ணும் செய்யாதவங்கள்ல 55. காசில்லாம கிடைக்கற 16 சதவீதம். எந்த டெபாசிட்டுலங்க இப்படிக் கிடைக்கும்?

அதான் தினமும் காலையில காங்கரியா ஏரியைச் சுத்தறேன். வரட்டுமா?