கல்லுக்குள் இருப்பது யார்?

சிம்பாப்வேயின் ஷோனா கற்சிற்பங்களைப் பற்றி நான் முதலில் அறிந்தது ஒரேயொரு செய்திதான்: சிற்பி கல்லைச் செதுக்குவதில்லை, உள்ளே உறையும் ஆவியை வெளியே வரவிடுகிறான். பத்திரிகைக்காரனுக்கு இதைவிட நல்ல தலைப்புக் கிடைக்குமா? நானும் ஐயமின்றி நம்பினேன்.

பின்னர்தான் வரலாற்றைப் புரட்டினேன். இன்றைய ஹராரேயில் 1957இல் திறக்கப்பட்ட தேசிய கலைக்கூடத்தின் முதல் இயக்குநர், பிராங்க் மக்ஈவன் என்ற பிரித்தானியர். இச்சிற்பிகளை ஊக்குவித்து, ஆவியுலகக் கதையோடு உலகுக்கு அறிமுகப்படுத்தியவர் அவரே. 1966இல் டொம் புளூம்ஃபீல்ட் என்ற புகையிலைப் பண்ணையாளர், பொருளாதாரத் தடையால் வருமானம் குன்றியபோது, தம் நிலத்தில் கிடைத்த சர்ப்பென்டைன் கல்லை நம்பித் தெங்கெனெங்கே சிற்பக் கிராமத்தை அமைத்தார். அங்கே உளியெடுத்தோரில் பலர் ஷோனாக்களே அல்லர். மலாவி, மொசாம்பிக், அங்கோலா ஆகிய நாடுகளிலிருந்து பிழைப்புத் தேடி வந்த குடும்பத்தினர்.

அப்படியானால் ஆவி பொய்யா? அவ்வாறு சொல்ல எனக்குத் துணிவில்லை. மூதாதையர் ஆவிகளை ஷோனா மக்கள் 'வட்சிமு' என்பர். வாழ்வோருக்கும் இறைவனுக்கும் இடையே நிற்போர் அவர்கள். பேர்னாட் மத்தெமெரா செதுக்கிய மூன்று விரல் மனிதர்களைப் பார்த்தால், கண்ணுக்குத் தெரியாத ஓர் உலகம் அச்சிற்பிக்குப் பழக்கமானது என்றே தோன்றுகிறது.

ஆயினும், முடிந்த சிலையைத் தீயில் சூடாக்கி, மெழுகு பூசித் தேய்த்து, சாம்பல் நிறக் கல்லைக் கருமையாய் ஒளிரவைப்பது மனிதக் கைதான். ஆவியைத் தலைப்பில் வைத்தபோது அந்தக் கைக்குரியவரின் பெயரை நான் கேட்கவேயில்லை. தவறு அதுவே.