உலகமே ஆடியது... பெயர் மட்டும் இல்லை!

2019 செப்டம்பர். அமெரிக்காவின் அட்லாண்டா அருகே பள்ளி விட்டு வீட்டுக்கு வந்தாள் ஜலாயா ஹார்மன். வயது 14. கறுப்பினச் சிறுமி. கே கேம்ப் என்ற ராப் பாடகரின் 'லாட்டரி' பாட்டைப் போட்டு, ஒவ்வொரு தாளத்துக்கும் ஓர் அசைவாகக் கோத்து நடனம் அமைத்தாள். தோழியும் ஆட, அந்த வீடியோ இன்ஸ்டாகிராமுக்குப் போனது.

அடுத்த மாதமே அந்த ஆட்டம் டிக்டாக்குக்குத் தாவியது. 'ரெனகேட்' என்ற பெயரில் ஊர் உலகமெல்லாம் ஆடித் தீர்த்தார்கள். சார்லி டமேலியோ என்ற வெள்ளையினச் சிறுமி ஆடிய வீடியோ பெரிய ஹிட். ஆட்டமே அவளுடையது என்று பலர் நினைத்துவிட்டார்கள். 'இது நான் அமைத்தது, என் பெயரையும் போடுங்கள்' என்று பிரபலங்களின் கமென்ட் பகுதியில் ஜலாயா கேட்டுப் பார்த்தாள். சிலர் கேலி செய்தார்கள், பலர் கண்டுகொள்ளவே இல்லை.

இது போன் வந்த பிறகு முளைத்த வழக்கமல்ல. கறுப்பினச் சிறுமிகள் தெருவில் எதிரெதிராக நின்று கைதட்டிப் பாடுவார்கள். இரண்டு கயிறுகளை எதிரெதிராகச் சுழற்றி, நடுவே பாட்டோடு குதிப்பார்கள். இதெல்லாம் பொழுதுபோக்கு மட்டுமல்ல, முறையான இசைப் பயிற்சியே என்று 2006-ல் தனிப் புத்தகமே எழுதினார் இசை ஆய்வாளர் கைரா கான்ட். 2000-ல் ராப் பாடகர் நெல்லியைப் புகழுக்குக் கொண்டுபோன 'கன்ட்ரி கிராமர்' பாட்டின் பல்லவியே ஒரு கைதட்டு விளையாட்டின் மெட்டுதான். ஆண் பாடினால் ஆல்பம், சிறுமி பாடினால் விளையாட்டு!

கான்ட் பிறகு யூடியூபைப் பார்க்க ஆரம்பித்தார். படுக்கையறையில் குஷியாக ஆடி, சிறுமிகளே பதிவேற்றிய வீடியோக்கள். முகம் தெரியாதவர்கள் அதன் கீழே எழுதியதோ ஆட்டத்தைப் பற்றியல்ல, அந்தப் பிள்ளைகளின் உடம்பைப் பற்றி. பெயர் பறிபோவதைவிட இது கொடுமை.

ஜலாயாவின் கதையை 2020 பிப்ரவரியில் 'நியூயார்க் டைம்ஸ்' எழுதியது. சில நாட்களிலேயே, சிகாகோவில் நடந்த என்.பி.ஏ. ஆல் ஸ்டார் கூடைப்பந்துப் போட்டியில், நிறைந்த அரங்கின் முன்னால் தன் ஆட்டத்தைத் தானே ஆடினாள். அங்கேயே சார்லியும் அவளோடு சேர்ந்து ஆடி வீடியோ போட்டாள். இந்த முறை ஜலாயா பெயரோடு.