தட்டிவானும் கடல் கடந்த இரும்பும்

யாழ்ப்பாண நகரிலிருந்து உடுப்பிட்டிக்குச் செல்வோர் வல்லை வெளியைக் கடந்து செல்வர். மரமற்ற அவ்வெளியிலே, தொண்டைமானாற்றுக் கடனீரேரியின் உப்புக் காற்று முகத்தில் மோதும். சிறிது தூரத்தில் பனங்கூடல்களும் வேலி சூழ்ந்த வளவுகளும் தோன்றும். வடமராட்சி வந்துவிட்டது என்பதற்கு வேறு அறிவிப்பு வேண்டுவதில்லை.

இப்பகுதியின் கல்விச்சாலைகளையும் கோயில்களையும் பற்றி எழுதியோர் பலர். நான் எழுத விரும்புவது இங்குள்ள வீதிகளின் பெருமைக்குரிய ஒரு வண்டியைப் பற்றி. அதுவே தட்டிவான்.

பக்கங்கள் திறந்த மரக்கூடு. நீண்ட பலகை இருக்கைகள். கூரையின் மேல் மூட்டைகள். பின்புறத்தே சங்கிலியில் தொங்கும் ஒரு தட்டி. அத்தட்டியிலேதான் வாழைக்குலையும் தேங்காய் மூட்டையும் ஏறும். பருத்தித்துறையிலிருந்து வரணி வழியாகக் கொடிகாமத்துக்கு ஓடிய தட்டிவான்களை அறியாத வடமராட்சியார் இலர். போர் முடிந்த 2009ஆம் ஆண்டிற்குப் பின்னரும் சில வண்டிகள் அவ்வழியில் ஓடின.

இவ்வண்டியைச் செய்த தொழிற்சாலை எது என்று மாணவர் ஒருவர் கேட்டால் விடை கூறுவது எளிதன்று. அது பாதி கடல் கடந்து வந்தது. பாதி ஊரிலே பிறந்தது. இங்கிலாந்தின் லூட்டன் நகரில் 1931ஆம் ஆண்டு முதல் பெட்போர்ட் லொறிகள் செய்யப்பட்டன. அத்தகைய லொறிகளின் அடிச்சட்டம், எஞ்சின், கியர்ப்பெட்டி, அச்சு, சுக்கான் ஆகிய பாரமான உறுப்புகளே கப்பலில் வந்தன. கூட்டினை நம் தச்சர் கட்டினர்.

ஏன் இவ்வாறு பங்கிட்டனர்? கப்பற் கூலிக்கு ஒரு பழைய விதி உண்டு. நாற்பது கன அடி இடத்தை அடைக்கும் பொருளை ஒரு டன் எனக் கொள்வர். எடைக்குரிய கூலி, இடத்துக்குரிய கூலி ஆகிய இரண்டில் எது கூடுதலோ அதனையே வாங்குவர். இரும்பு பாரம் மிக்கது. ஆயினும் சிறிய இடத்தில் அடங்கும். வண்டிக் கூடோ வெறும் பெட்டி. அதனைக் கப்பலில் ஏற்றுவது காற்றுக்குக் கூலி கொடுப்பதாகும். ஆகவே பாரமானது கடல் கடந்து வந்தது. இலேசானது உள்ளூர் மரத்தில் எழுந்தது. இலாபம் பணத்தில் மட்டுமன்று. தொழிலும் ஊரில் தங்கியது.

இரும்பின் மேல் மரத்தைப் பொருத்துவது இலேசான காரியமன்று. குழியில் சில்லு இறங்கும்போது அடிச்சட்டம் முறுகும். மரக்கூட்டை அசையாதபடி இறுக்கினால் மரம் பிளந்துவிடும். பின்னச்சுக்கு அப்பால் பாரம் மிகுந்தால் முன்சில்லுகள் நிலத்தைச் சரிவரப் பற்றா, சுக்கான் சொற்கேளாது. தட்டியின் நீளத்திலும் சங்கிலியின் வலுவிலும் இத்தனை கணக்கும் அடங்கியிருக்கின்றது. வகுப்பறையிலே நெம்புகோல் விதியாக நாம் படிப்பிப்பதைத் தச்சர் கைப்பழக்கத்திலே கண்டனர்.

இக்கைத்திறன் திடீரெனத் தோன்றியதன்று. உடுப்பிட்டிக்கு அயலேயுள்ள வல்வெட்டித்துறையிலே கப்பல் கட்டியோர் வாழ்ந்தனர். அங்கு உருவான 'அன்னபூரணி' என்னும் பாய்க்கப்பலை அமெரிக்கரான வில்லியம் றொபின்சன் வாங்கினார். அது 'புளோறன்ஸ் சி. றொபின்சன்' என்னும் புதுப்பெயருடன் 1938ஆம் ஆண்டில் அமெரிக்காவின் குளொஸ்ரர் துறைமுகத்தைச் சென்றடைந்தது. மேலைநாட்டு இரும்பு இங்கு வந்த காலத்திலே இங்குள்ளோர் கட்டிய மரக்கலம் அங்கே சென்றது. கொடுக்கல் வாங்கல் இருபுறமும் இருந்தது.

1958ஆம் ஆண்டு சனவரி முதலாந் திகதி பேருந்துச் சேவை இலங்கைப் போக்குவரத்துச் சபையின் கைக்கு வந்தது. ஆயினும் சந்தைக்குச் சாமான் கொண்டுசெல்வோர் தட்டிவானைக் கைவிடவில்லை. பின்னர் அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டினால் 1960களிலும் 1970களிலும் இறக்குமதி இறுகியது. புதிய உறுப்பு வராதபோது பழையதையே கடைந்தும் ஒட்டியும் ஓட்டினர்.

1990ஆம் ஆண்டின் பின் வந்த சோதனை அதனினும் பெரிது. குடாநாட்டுக்குள் எரிபொருளும் பற்றரியும் வாகன உறுப்புகளும் வருவது தடைப்பட்டது. அப்பொழுது பழைய ஒஸ்ரின், மொறிஸ் மைனர் கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. குளிர்ந்த எஞ்சினில் மண்ணெண்ணெய் எளிதில் ஆவியாகாது. ஆகையால் முதலிற் சில துளி பெற்றோல் விட்டு முடுக்கி, சூடேறிய பின் மண்ணெண்ணெய்க்கு மாற்றினர். கரி படியும், புகை எழும், எஞ்சினும் தேயும். ஆனால் நோயாளியை மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேறு வழி ஏது? எளிய அமைப்புடைய எஞ்சின்களாதலின் நம் கராஜ்காரரின் கைக்கு அவை இசைந்தன. ஒவ்வோர் உறுப்பும் எவ்வாறு இயங்குகின்றது என்பதை அறிந்தவர் ஊரில் இருந்தமையால் உயிர்கள் பிழைத்தன.

பாதைகள் பின்னர் திறந்தன. புதிய வாகனங்கள் நிறைந்தன. 2020 மார்ச்சில் நாட்டின் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, 2025 பெப்ரவரியிலேயே தனியார் வாகனங்களுக்கு மீண்டும் வழி திறந்தது. இடைப்பட்ட ஆண்டுகளில் பழுது பார்க்கத் தெரிந்தவரின் அருமையை நாடு முழுவதும் உணர்ந்தது. இன்றும் தோட்டத்து வெங்காயத்தையும் புகையிலையையும் ஏற்றிச்செல்லும் லான்ட்மாஸ்டரைப் பாருங்கள். முன்னே இழுக்கும் எஞ்சின் பிறநாட்டது; பின்னே உருளும் பெட்டி ஊர்ப் பட்டறையில் உருவானது. தட்டிவானின் தம்பி அது எனலாம்.

எஞ்சின் பழுதானால் இன்னொன்றைக் கப்பலில் வரவழைக்கலாம். கூடு கட்டும் அறிவை எந்தக் கப்பலும் கொண்டுவராது. முதிய தச்சர் ஒருவர் மறையும்போது எழுதப்படாத அளவுகள் பலவும் அவருடன் மறைகின்றன. எஞ்சியுள்ள தட்டிவான் ஒன்றை உயர்வகுப்பு மாணவர் அணுகி, அளவு நாடா பிடித்து, நீளம் அகலம் குறித்து, படம் வரைந்து, கட்டியவரின் சொல்லையும் கேட்டு எழுதி வைத்தல் வேண்டும். அதற்குப் பெரும்பொருள் வேண்டியதில்லை. விடுமுறை நாட்கள் சில போதும். பெற்றோர் அவர்களை அனுப்பி வைப்பார்களாக. முதியோர் இருக்கும்பொழுதே அது நடைபெறல் வேண்டும்.