மேற்குப் பக்கம் பூக்கவில்லை

போடிக்குப் போனது ஏலக்காய் ஏலம் பார்க்கத்தான். விலை ஏறுவதும் இறங்குவதும் எனக்குப் பிடிபடவில்லை. ஒரு மணி நேரத்தில் அலுத்துவிட்டது. “மாந்தோப்புல பூ எடுத்திருக்கு, வாங்க” என்று நண்பர் வண்டியை முந்தல் சாலையில் திருப்பினார். தை மாதக் காலை. மலைக் குளிர் இன்னும் தோப்பை விட்டுப் போகவில்லை.

காவலுக்கு இருந்த பெரியவர் ஒருகாலத்தில் விடியுமுன் ஜீப் ஏறி ஏலத்தோட்ட வேலைக்குப் போய்வந்தவர். முட்டி தேய்ந்து, மலை ஏற முடியாமல் தோப்புக்கு வந்துவிட்டார். எங்களை ஒரு அல்போன்சா மரத்தடிக்குக் கூட்டிப்போனார். கிழக்கே பூ குலுங்குகிறது. மேற்கே வெறும் இலை.

“போன வருசம் இந்தப் பக்கம் காய்ச்சு முறிஞ்சுச்சு தம்பி. இப்ப தூங்குது.”

மேற்குக் கொப்பு ஒன்றை வளைத்தார். நுனியில் காய்ந்த குச்சி. போன வருசக் காய் தொங்கிய காம்பு அது. அதற்கடியில் தளிரே இல்லை. தளிர் விட்டு, அது முற்றி, மார்கழிக் குளிர் பட்டால்தான் பூ. காய் சுமந்த கொப்புக்கு அதற்கெல்லாம் நேரமும் இல்லை, சேமித்த மாவுச்சத்தும் இல்லை. போதாததற்கு, வளரும் விதையிலிருந்து வரும் ஜிப்ரலின் என்ற ஹார்மோன் பூ மொட்டை அடக்கிவைக்கிறது. நீலம் வருசா வருசம் காய்க்கும். அல்போன்சா ஒரு வருசம் விட்டுத்தான்.

பிலிப்பைன்ஸில் முன்பு மாமரத்துக்கு நாள்கணக்கில் புகை போட்டுப் பூக்கவைத்தார்கள். பொட்டாசியம் நைட்ரேட் கரைசலைத் தெளித்தாலே போதும் என்று ரமோன் பார்பா 1970களில் காட்டினார். இங்கே அதற்குக் கல்டார் என்ற மருந்து. அதிலுள்ள பேக்லோபியூட்ரசால், மரம் ஜிப்ரலின் தயாரிப்பதையே தடுத்துவிடும். காய்ப்பில்லாத வருசத்துக்கு, செப்டம்பர் முதல் பாதியில், மரத்துக்கு 10 கிராம் வீரியப்பொருள் என்பது வேளாண் பல்கலைக்கழகக் கணக்கு. பெரியவர் கடப்பாரையால் தூரைச் சுற்றிக் குழி போட்டு ஊற்றுவாராம். கலக்கும் விகிதத்தையும் சொன்னார்; எனக்கு நிற்கவில்லை.

குத்தகைக்காரருக்கு இந்தக் கணக்கெல்லாம் பொருட்டில்லை. அவர் கையில் தோப்பு இருப்பது இரண்டு மூன்று வருசம். மரம் ஓய்ந்தால் அவருக்கு நட்டம். ஓயாமல் செத்தால் நட்டம் தோப்புக்காரருக்கு. அதனால் வருசா வருசம் மருந்து, அதுவும் கூடுதலாக. போன வருச மருந்தே மண்ணில் மிச்சமிருக்கும், அதன்மேல் இன்னொன்று. பூவை விலைபேசுகிறவருக்கு வேரைப் பற்றி என்ன? தோப்புக்காரர்களும் முன்பணத்தை வாங்கிக்கொண்டு வாய் மூடிவிடுகிறார்கள். வரப்போரம் மூன்று மரங்கள் அப்படி ஆனவை: கணு குறுகி, பூக்கொத்து முஷ்டி மாதிரி சுருண்டு கிடந்தது.

“இதுகளுக்கும் இந்த வருசம் ஊத்துனீங்களா?” என்றேன்.

பெரியவர் நண்பரைப் பார்த்தார், பிறகு என்னை.

“குழி போட்டேன். பச்சத் தண்ணிய ஊத்துனேன். வந்து பாக்குறவருக்கு ஈரம் தெரிஞ்சாப் போதும்ல?”