46 வயதில் தெரியவந்த துளை

எங்கள் உம்மாவின் இதயத்தில் பிறவியிலேயே ஒரு துளை இருந்தது என்பது, அவருக்கு 46 வயதானபோதுதான் தெரியவந்தது. அந்த இதயத்தோடுதான் எங்கள் நால்வரையும் பெற்றார். ரமளான் நோன்புகளை நோற்றார்.

மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கும். ஸஜ்தாவிலிருந்து எழுகையில் நெஞ்சு படபடக்கும். ஒரு மருத்துவர் இரத்தசோகை என்றார்; மற்றொருவர் ஆஸ்துமா என்று இன்ஹேலர் எழுதித் தந்தார். மூன்றாமவர்தாம் ஸ்டெதாஸ்கோப்பை வைத்து வெகுநேரம் கேட்டுவிட்டு, எக்கோ எடுக்கச் சொன்னார்.

இதயத்தின் மேலறைகள் இரண்டுக்கும் இடையிலுள்ள சுவர், கருவில் முழுமையாக வளராமல் போயிருந்தது. இடப்புறம் அழுத்தம் சற்று அதிகம். ஆகவே, நுரையீரலில் தூய்மையாகி வந்த இரத்தத்தில் ஒரு பகுதி, துளை வழியே வலப்புறம் சென்று மறுபடியும் நுரையீரலுக்கே திரும்பும். அந்த மேலதிகச் சுமையை வலப்புற அறைகள் பல்லாண்டுகள் தாங்கிக்கொள்ளும். மெல்ல மெல்ல விரிந்துவிடும். பலருக்கு முப்பது, நாற்பது வயதைக் கடந்த பின்னரே இக்குறை வெளிப்படுவது இதனால்தான்.

நுரையீரல் இரத்தக்குழாய்களில் அழுத்தம் மிகவும் ஏறி நிலைத்துவிட்டால் துளையை மூட இயலாது, மூடினால் கேடு என்றார் மருத்துவர். அதனை அளக்கும் பரிசோதனைக்கு நான்கு நாட்கள் காத்திருந்தோம். நின்று தொழ இயலாதவர் அமர்ந்து தொழலாம் என்று, மூலநோயுற்றிருந்த இம்ரான் இப்னு ஹுஸைன் (ரலி) அவர்களுக்கு நபி (ஸல்) அவர்கள் அனுமதியளித்த செய்தியை எங்களுக்குக் கற்பித்தவரே உம்மாதான். ஆயினும், தாம் நாற்காலியில் அமர்ந்து தொழுவதற்கு இரண்டு நாட்கள் இணங்கவில்லை!

அழுத்தம் மிதமாகவே இருந்தது, அல்ஹம்துலில்லாஹ். துளையின் ஓரங்களிலும் கருவி பற்றிக்கொள்ளப் போதிய சதை இருந்ததால், மார்பைத் திறக்க வேண்டியிருக்கவில்லை. தொடையிலுள்ள இரத்தநாளத்தின் வழியே குழாயைச் செலுத்தி, நிக்கல், டைட்டானியம் கலந்த கம்பிவலைத் தட்டுகளால் துளையை அடைத்தனர். மூன்றாம் நாள் வீடு திரும்பினார். சில மாதங்கள் ஆஸ்பிரின் உட்கொண்டார்.

இக்குறை பெரும்பாலும் வழிவழியாக வருவதில்லை. எனினும், பெற்றோருக்கு இருப்பின் பிள்ளைகளுக்கு வாய்ப்புச் சற்றே கூடுதல். “வெளியே சொல்லாதீர்கள், கல்யாணமாகாத பெண் இருக்கிறாள்” என்றார் நெருங்கிய உறவினர் ஒருவர். வாப்பா அவருக்குத் தேநீர் கொடுத்து அனுப்பிவிட்டு, எங்கள் நால்வரையும் எக்கோ எடுக்க அழைத்துச் சென்றார். மூவருக்குக் குறையேதும் இல்லை. கடைசித் தங்கைக்கு மட்டும் தெளிவாகத் தெரியவில்லையென்று அடுத்த மாதம் மீண்டும் வரச் சொல்லியிருக்கின்றனர். பெண் பார்க்க வரும் வீட்டாரிடமும் வாப்பா அதைச் சொல்லிவிட்டார். அவளுக்காக துஆ செய்யுங்கள்.