பையில் இருக்கும் கதிர்

எங்கள் அரிசிப் பையில் அச்சாகியிருக்கும் நெற்கதிர் நான் திருடியது. ஐந்து வருடமாக, "போட்டியில் வந்த படம்" என்றுதான் எல்லோரிடமும் சொல்லிவருகிறேன்.

குடவாசலைச் சுற்றியுள்ள பதினோரு பேர் சேர்ந்து மாப்பிள்ளைச் சம்பாவும் கருப்புக் கவுனியும் போட்டு, அரிசியாக்கி, நாங்களே விற்க ஆரம்பித்த நேரம். பைக்கு ஒரு லோகோ வேண்டியிருந்தது. கும்பகோணத்தில் விசாரித்தபோது ஆறாயிரம் கேட்டார்கள். ஒரு படத்துக்கா ஆறாயிரம் என்று எனக்கு ஆத்திரமே வந்தது. அதே வாரம் அறுவடை மெஷின்காரர் கேட்ட வாடகையை மறுபேச்சில்லாமல் எண்ணிக் கொடுத்தவன் நான்.

போட்டி வைக்கலாம் என்றது என் யோசனை. முதல் பரிசு 2,000 ரூபாய், மற்றவர்களுக்குச் சான்றிதழ். "வரும் படங்கள் அனைத்தும் குழுவுக்கே சொந்தம்" என்ற கடைசி வரியையும் நான்தான் சேர்த்தேன். கூட்டத்தில் ஒருவர் தயங்கினார். அவர் வாயை அடைக்க ரூபாய்க் குறியீட்டை இழுத்தேன். 2009இல் மத்திய நிதி அமைச்சகமே போட்டி வைத்துத்தானே அதைத் தேர்ந்தெடுத்தது, கள்ளக்குறிச்சியில் பிறந்த உதயகுமார்தானே ஜெயித்தார் என்று கேட்டேன்.

அந்தக் கதையில் எனக்குத் தோதான பாதியை மட்டுமே சொன்னேன். அந்தப் போட்டியில் கலந்துகொள்ளவே 500 ரூபாய் கட்டணம். வந்த படங்கள் மூவாயிரத்துக்கும் மேல். 2010 ஜூலையில் உதயகுமாருக்கு இரண்டரை லட்சம் கிடைத்தது. அவர் கைக்குப் பின்னால் கட்டடக்கலைப் படிப்பும், மும்பை ஐஐடியில் தமிழ் எழுத்து வடிவங்கள் பற்றிய ஆராய்ச்சியும் இருந்தன. மற்ற ஆயிரக்கணக்கானவர்கள் உழைப்பைக் கொடுத்ததோடு பணத்தையும் கட்டியிருந்தார்கள். அங்கேகூட இறுதிச் சுற்றுக்கு வந்த ஐந்து பேருக்கு ஆளுக்கு 25,000 ரூபாய் உண்டு. நான் அந்த அளவுக்கும் யோசிக்கவில்லை.

முப்பத்தொரு படங்கள் வந்தன. பதினான்காவதாக வந்ததை நான் மறக்க மாட்டேன். ஒரே ஒரு நெற்கதிர், பாரம் தாங்காமல் வளைந்து, "கு" என்ற எழுத்தாகவே நிற்கும். பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு டி.டி.பி. கடையில் வேலை பார்த்த தம்பி அனுப்பியது. பரிசை எங்கள் குழுவில் ஒருவருடைய மகனுக்குக் கொடுத்தேன். அவன் படம் கலர் கலராக இருந்தது, அவ்வளவுதான். அன்று ராத்திரியே பதினான்காம் படத்தை அவனுக்கு அனுப்பி, "தம்பி, இந்தக் கதிரையும் சேர்த்துப் போட்டுடு" என்றேன்.

பை கடைக்கு வந்து இரண்டு மாதம் கழித்து அந்த டி.டி.பி. தம்பி என்னைத் தேடி வந்தார்.

"சார், அந்தக் கதிர் என்னோடது மாதிரி இருக்கே..."

"கதிர் எல்லாருக்கும் பொதுதானே தம்பி."

கொஞ்ச நேரம் நின்றார். "சரிங்க சார்" என்று சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அதற்கப்புறம் அந்தக் கடையில் கேட்டதை எழுதத்தான் எனக்குக் கூச்சம். லோகோவுக்கு 1,500 வாங்கிக்கொண்டிருந்த இடம் அது. "அரிசிக்காரங்க ரெண்டாயிரத்துக்கு முப்பது வாங்கினாங்களாமே" என்று வந்தவர்கள் பேரம் பேசினார்களாம். முதலில் 500 ஆனது. பிறகு ஃப்ளெக்ஸ் அடித்தால் லோகோ சும்மா என்றானது. அந்தத் தம்பி திருப்பூருக்குப் போய்விட்டார். எல்லாம் என் ஒருவனால் நடந்தது என்று சொல்ல மாட்டேன். ஆனால் பேரம் பேசியவர்கள் வாயில் இருந்தது என் கணக்கு.

கூலி என்றால் என்ன என்று தெரியாத வீட்டில் நான் வளரவில்லை. பண்ணையாளுக்கு இவ்வளவு நெல் என்று 1952இல் சட்டமே போட வேண்டியிருந்த மண் இது. பொழுது சாய்வதற்குள் களத்தில் கூலி நெல்லை அளந்துவிட்டுத்தான் அப்பா வீட்டுக்கு வருவார். நாலு கோஷ்டியை வயலில் இறக்கி, ஆளுக்கு ஒரு மா நடுங்கள், எந்த மா நன்றாகப் பச்சை பிடிக்கிறதோ அவர்களுக்கு மட்டும் கூலி என்று சொல்ல எனக்கு நாக்கு எழாது. சொன்னால் ஊர் விடாது. கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து செய்ததை நான் வேலை என்றே எண்ணவில்லை. கையில் சேறு இல்லாததால் அது விளையாட்டாகத் தெரிந்தது.

ஒரு படத்தின் உரிமை கையெழுத்திட்ட ஆவணம் இல்லாமல் கைமாறாது என்று 1957ஆம் வருடத்துப் பதிப்புரிமைச் சட்டம் சொல்வதாகப் பின்னால் ஒரு வக்கீல் விளக்கினார். நான் சேர்த்த அந்தக் கடைசி வரியில் யாருமே கையெழுத்துப் போட்டிருக்கவில்லை. தெரிந்த பிறகும் பையை மாற்றவில்லை.

போன மாதம் புதுப் பைகளுக்கு ஆர்டர் கொடுக்கப் போனபோது அச்சகத்தில் கோரல்ட்ரா ஃபைல் கேட்டார்கள். போனில் இருப்பதைப் பெரிதாக்கினால் கதிர் கலங்குகிறது. மூலம் அந்தத் தம்பியிடம் மட்டும்தான் இருக்கும். "இதையே டிரேஸ் பண்ணிக்குங்க" என்று சொல்லிவிட்டு வந்தேன். இரண்டாம் முறையும் அதையே செய்தேன்.

மறுநாள் காலையில் அச்சை நிறுத்தச் சொன்னேன். ஆறாயிரம் ரூபாயை ஒரு கவரில் எடுத்து வைத்தேன். போனில் அவர் எண் "போட்டி 14" என்று பதிவாகியிருந்தது. பெயர் தெரிய, பழைய சான்றிதழ்ப் பட்டியலைத் தேடி எடுக்க வேண்டியிருந்தது. பெயரைத் திருத்திப் பதிந்துவிட்டேன். இன்னும் கூப்பிடவில்லை.