தென் துருவம் நோக்கி – 6: பனிக்கடியில் ஓர் ஏரி

செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரின் மராட்டா வீதியில் இருக்கும் ஆர்க்டிக் – அண்டார்க்டிக் அருங்காட்சியகம் ஒரு காலத்தில் தேவாலயம். உள்ளே மேலே பழைய விமானம் ஒன்று தொங்குகிறது. அதை அண்ணாந்து பார்த்துவிட்டு, நான் தேடி வந்த வஸ்தோக் நிலையத்தின் கதைக்கு நகர்ந்தேன்.

1957-இல் சோவியத் ஆய்வாளர்கள் அந்த நிலையத்தை அமைத்தபோது, ஓர் ஏரியின் தலைமேல் குடியேறியிருப்பது அவர்களுக்குத் தெரியாது. 1983 ஜூலை 21 அன்று அங்கே மைனஸ் 89.2 டிகிரி செல்சியஸ் பதிவானது. தரைநிலையங்களில் அளந்தவற்றுள் அதைவிடக் குறைந்த வெப்பநிலை இதுவரை இல்லை. அப்படிப்பட்ட இடத்தில் தண்ணீர் எப்படி உறையாமல் கிடக்கிறது? ஏறத்தாழ நான்கு கிலோமீட்டர் பனி அழுத்துவதால் நீரின் உறைநிலையே இறங்கிவிடுகிறது. கீழிருந்து பூமியின் சூடு ஏறுகிறது. அது வெளியேறிவிடாதபடி பனியே கம்பளிபோல் மூடிக்கொள்கிறது. சுமார் 250 கி.மீ. நீளமும் 50 கி.மீ. அகலமும் கொண்ட அந்த ஏரியை 1996-இல்தான் அறிவியல் உலகம் உறுதிசெய்தது.

அதற்கு வெகு முன்பிருந்தே பழைய காலநிலையை அறிவதற்காக அங்கே பனியைத் துளைத்துக்கொண்டிருந்தார்கள். 1998-இல், 3,623 மீட்டரில் நிறுத்தினார்கள். துளை மூடிக்கொள்ளாமல் இருக்க அதில் நிரப்பியிருந்தது மண்ணெண்ணெயும் ஃப்ரியானும். லட்சக்கணக்கான ஆண்டுகளாக வெளிக்காற்று படாத நீரில் அது கலந்தால்?

நீண்ட தயக்கத்துக்குப் பின், 2012 பிப்ரவரி 5 அன்று துரப்பணம் ஏரியைத் தொட்டது. ஏரி நீர் துளைக்குள் பீறிட்டு ஏறி உறைந்தது. பிறகு அதை வெட்டியெடுத்து ஆராய்ந்தபோது, ஏரியில் பிறந்த உயிர் எது, மனிதன் கொண்டுபோனது எது என்று பிரித்தறிவதே பெரும்பாடாகிவிட்டது.

அமெரிக்கர்கள் வில்லன்ஸ் ஏரிக்கு வேறு வழியில் போனார்கள். அங்கே பனி 800 மீட்டர்தான். பனியை உருக்கிய நீரையே வடிகட்டி, புற ஊதா ஒளி காட்டி, சூடாக்கிப் பீய்ச்சித் துளைத்தார்கள். கருவிகளை ஹைட்ரஜன் பெராக்சைடால் துடைத்தார்கள். 2013 ஜனவரியில் எடுத்த நீரில், மில்லிலிட்டருக்குச் சுமார் 1,30,000 நுண்ணுயிர்கள்! சூரியனையே காணாமல், அம்மோனியம் போன்றவற்றிலிருந்து ஆற்றல் பெற்று வாழ்பவை அவற்றில் உண்டு.

இவர்களைவிட என் மனத்தில் நிற்பவர்கள் தோற்றுப்போன பிரிட்டிஷ் குழுவினர். எல்ஸ்வொர்த் ஏரிக்கு மூன்று கிலோமீட்டர் பனியை அவர்களும் சுத்தமான வெந்நீரால் துளைக்க முயன்றார்கள். 300 மீட்டர் ஆழத்தில் முதன்மைத் துளையைப் பக்கத்துக் குழியோடு இணைக்க முடியவில்லை, எரிபொருளும் கரைந்துகொண்டிருந்தது. 2012 கிறிஸ்துமஸ் அன்று பணியை நிறுத்திவிட்டார்கள். பல ஆண்டு உழைப்பு வீணாகும் என்று தெரிந்தும், ஏரியைக் கெடுக்கக்கூடிய குறுக்கு வழி எதையும் அவர்கள் நாடவில்லை. எல்ஸ்வொர்த் இன்றும் கைபடாமல் இருக்கிறது.

அடுத்த இதழில், 2018-இல் துளையிட்ட மெர்சர் ஏரிக்குப் போவோம். அங்கே சேற்றில் கிடைத்தவை மிகச் சிறிய ஓட்டுடலிகளின் எச்சங்கள்.